முதல் மாடிக்குப் போகாத பெட்டி

தையலக்கா வீட்டுக்குப் போனால் உட்கார இடம் கிடைக்காது. இருப்பது ஒரே ஒரு நாற்காலி. அதில் மூன்றாம் மாடி ஜிம்காரனின் சத்துமாவு டப்பா பெட்டியோடு உட்கார்ந்திருக்கும். வெட்டு மேசைக்கு அடியில் காலை நீட்டலாம் என்றால், அங்கே யாரோ ஆசைப்பட்டு வாங்கிவிட்டு மறந்தே போன ஒரு மேசை விளக்கு. கதவுக்குப் பின்னால் சுருட்டிய மெத்தை ஒன்று மூன்று வாரமாக நின்றுகொண்டிருந்தது. இதில் ஒன்றுகூட அவளுடையது இல்லை. எல்லாம் அந்தக் கட்டடத்தில் குடியிருக்கும் புண்ணியவான்களுக்கு வந்த பார்சல்கள்.

இந்தத் தலைவலி எப்படி வந்தது என்றால், அவள் வீடு தரைத்தளம், பகல் முழுக்க ஆள் இருக்கும், கதவும் திறந்தே கிடக்கும். கூரியர்காரருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அவருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. மாடி ஏறி மணியடித்து, ஆள் இல்லையென்று இறங்கி வருவதற்குள் நாக்குத் தள்ளிவிடுகிறது. முதலில், "அக்கா, இது ஒண்ணு மட்டும் வாங்கி வையுங்க" என்றார். ஒன்று நான்காயிற்று, நான்கு நாற்பதாயிற்று. இப்போதெல்லாம் மாடிப்படி இருக்கிற பக்கம்கூட அவர் திரும்புவதில்லை. நேரே வந்து தையலக்கா வாசலில் மூட்டையை இறக்குவார், 'பக்கத்து வீட்டில் ஒப்படைக்கப்பட்டது' என்று ஃபோனில் தட்டுவார், போய்விடுவார். அந்தக் கட்டடத்தின் இருபது வீட்டுக்கும் பக்கத்து வீடு அவள் வீடுதான். போதாக்குறைக்கு அடுத்த தெருவில் இதே கதவு எண் உள்ள வீட்டுக்கு வந்ததும் வழி தவறி இங்கேயே வந்து சேரும்.

வாங்கி வைப்பதுகூடப் பெரிதில்லை. எடுத்துப்போக ஆள் வர வேண்டுமே. "அக்காகிட்டதானே இருக்கு, எங்க போயிடப் போகுது" என்று படியிறங்கும்போதே சொல்லிக்கொண்டு போவார்கள். ஜிம்காரன் தினமும் இரண்டு வேளை அவள் வாசலைத் தாண்டித்தான் போகிறான். இருபது கிலோ இரும்பைத் தூக்கிவிட்டு வருகிறவனுக்கு இரண்டு கிலோ டப்பாவைத் தூக்கிப்போக முடியவில்லை. கேட்டால், "டயர்டா இருக்குக்கா, நாளைக்கு" என்பான்.

அவள் கணவர் ஒரு கிடங்கில் பகல் ஷிஃப்ட் பார்க்கிறவர். நாளெல்லாம் பெட்டி அடுக்கிவிட்டு வீட்டுக்கு வந்தால் இங்கேயும் பெட்டி. "ஏம்மா, இத்தனை பார்சல்ல நமக்கு வந்தது ஒண்ணு காட்டு பாப்போம்" என்பார். கிண்டலோடு விடாமல் ஒரு வழியும் சொன்னார். கிடங்கிலிருந்து சின்னச் சீட்டுக் கட்டு ஒன்று அச்சடித்துக் கொண்டுவந்தார். 'உங்கள் பார்சல் கீழே தையல் வீட்டில் இருக்கிறது. வந்து எடுத்துக்கொள்ளவும்.' தையலக்கா வீட்டு எண்ணை மட்டும் எழுதி, வாசலில் இருக்கும் அஞ்சல் பெட்டிகளில் போட்டுவிடுவாள். அதற்கப்புறமும் வராதவர்கள் வராமலே இருந்தார்கள், அது வேறு கதை.

சீட்டே தேவைப்படாத ஆள் ஒருத்தி இருந்தாள். முதல் மாடியில், தையலக்காவின் தலைக்கு நேர் மேலே குடியிருந்த கணக்கு சாரின் மனைவி. சார் பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். மனைவியை எல்லோரும் சாரம்மா என்பார்கள். பார்சல் வந்த அன்றைக்கே சாரம்மா இறங்கி வந்துவிடுவாள். நாற்காலியில் இருப்பதைத் தூக்கித் தரையில் வைத்துவிட்டு உரிமையோடு உட்காருவாள். நூலில் கட்டிய காந்தத்தை எடுத்துத் தரையில் சிந்திக் கிடக்கும் குண்டூசிகளைப் பொறுக்கிக்கொண்டே ஊர்க்கதை பேசுவாள். போகும்போது நாலு ஊசியில் நூல் கோத்துக் குத்திவைத்துவிட்டுப் போவாள். "உனக்குக் கண்ணு மங்கிப்போச்சு தங்கச்சி, ஒத்துக்கோ" என்பாள். அவள் தையலக்காவை அப்படித்தான் கூப்பிடுவாள். ஊரே அக்கா என்று கூப்பிட்ட ஒருத்தியைத் தங்கச்சி என்று கூப்பிட அவள் ஒருத்திதான் இருந்தாள்.

அந்தச் சாரம்மா படுத்துவிட்டாள். ஒன்றரை நாள் பயணத்தில் இருக்கும் மகளின் ஊருக்குக் கொண்டுபோய், அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்து நாலு மாதம் ஆகிவிட்டது. சாருக்கு இரண்டு முழங்காலிலும் அறுவை நடந்திருந்தது. அவ்வளவு தூரம் உட்கார்ந்து போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர் மட்டும் மேலே தனியாக இருந்தார்.

இப்போது தையலக்காவுக்கும் சாருக்கும் வந்த சண்டைக்கு வருவோம். சண்டை என்றுகூடச் சொல்ல முடியாது, ஏனென்றால் அது நடந்ததே ஒருவருக்குத் தெரியாது. இரண்டு மாதத்துக்கு முன்னால், சாரின் முழங்காலுக்குப் பட்டி ஒன்று பார்சலில் வந்தது. கால் முடியாத மனிதரைக் கீழே வரவழைக்க வேண்டாமே என்று தையலக்கா தானே எடுத்துக்கொண்டு போனாள். அப்படியே மூன்றாம் மாடிக்கும் இரண்டு பெட்டி. முதலில் அதை ஏறிக் கொடுத்துவிட்டு, மூச்சு இரைக்க இறங்கி வந்து சார் வீட்டு மணியை அடித்தாள். அவர் திறந்தார், பெட்டியை வாங்கினார், வைப்பதற்காக உள்ளே திரும்பினார். "சாரம்மா எப்படி இருக்காங்க சார்?" என்று அவர் முதுகைப் பார்த்துக் கேட்டாள். பதில் இல்லை. "ஒரு வாய் தண்ணி குடுங்க சார், மூச்சு வாங்குது" என்றாள். அவர் திரும்பி வந்து, "ரொம்ப நன்றிம்மா" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார்.

சாத்திய கதவுக்கு முன்னால் அவள் எவ்வளவு நேரம் நின்றாள் என்பது அவளுக்கே தெரியாது. முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. கேட்டது தண்ணீர், வேறொன்றும் இல்லை. அன்றைக்குக் கீழே வந்து கணவரிடம் சொன்னாள்: "இனிமே எவன் வீட்டுப் படியும் நான் ஏற மாட்டேன். வேணும்னா அவங்க வரட்டும்." சொன்னபடியே இருந்தாள். மற்றவர்கள் மேல் இருந்த கோபம் இரண்டு நாளில் ஆறிப்போனது. சார் மேல் இருந்தது மட்டும் ஆறவில்லை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவளுக்குத் தெரியாது, உங்களுக்காவது தெரிந்திருக்கட்டும். சாருக்குக் காது கேட்காது. இரண்டு காதிலும் தோல் நிறத்தில் சின்னஞ்சிறு மிஷின் வைத்திருந்தார். அது இருந்தால் ஓரளவு கேட்கும். இந்த விஷயம் கட்டடத்தில் ஒருவருக்கும் தெரியாது, பெற்ற மகளுக்குக்கூடத் தெரியாது. முப்பது வருஷம் கடைசி பெஞ்சில் குசுகுசுக்கிற பையனைக்கூடக் கண்டுபிடித்தவர். எனக்குக் காது போய்விட்டது என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. சாரம்மாவுக்கு மட்டும் தெரியும். தண்ணீர் கேட்ட அந்த நாளில் மிஷின் தகராறு செய்ய ஆரம்பித்திருந்தது. அப்புறம் அடியோடு நின்றுபோய், அதைச் செய்த கம்பெனிக்கே பழுதுபார்க்க அனுப்பினார். நான்கு நாளில் திரும்பி வந்துவிடும் என்றார்கள்.

சொன்னபடி வந்தும் விட்டது. பதினோராம் தேதி, புதன்கிழமை, மதியம் இரண்டு மணிக்கு, உள்ளங்கை அகலப் பெட்டியாகக் கூரியர்காரர் தையலக்கா மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

தையலக்கா பெயரைப் பார்த்தாள். ஒரு பள்ளிக்கூடத்துக்குச் சீருடை தைக்க ஒப்புக்கொண்டிருந்த நேரம் அது. நூற்றிருபது சட்டை, இருபது நாள் கெடு, தலைக்கு மேல் வேலை. அன்றைக்கு வந்த ஐந்து பார்சலில் நான்குக்குச் சீட்டு எழுதினாள். ஐந்தாவதுக்கு எழுதப்போய், கையை எடுத்துக்கொண்டாள். 'அவர் ஃபோனுக்குத்தான் தகவல் போகுமே. வேணும்னா வரட்டும். வந்து வாயைத் திறந்து கேக்கட்டும்.' பெட்டியை நூல்கண்டு அடுக்கும் பலகையில், வெள்ளைக்கும் நீலத்துக்கும் நடுவில் வைத்தாள். நினைத்துப் பார்த்தால் எவ்வளவு அற்பமான விஷயம். அஞ்சல் பெட்டி அவள் வாசலிலிருந்து நாலு எட்டு. சார் வீடு பதினாறு படி.

அன்று மாலை நான்கு மணிக்கும் தலைக்கு மேல் கத்தல் ஆரம்பித்தது. "ஹலோ... ஹலோ... நான்தான் பேசறேன்." சார் பின்பக்க ஜன்னலோரமாக நின்று ஃபோனில் பேசினார், அங்கே நின்றால்தான் அவருக்கு டவர் கிடைக்கும். அதற்கு நேர் கீழே தையலக்காவின் ஜன்னல், ஜன்னலடியில் அவள் தையல் மிஷின். ஃபோனை ஸ்பீக்கரில் வேறு போட்டிருந்தார். அந்தப் பக்கத்துக் குரல் கரகரவென்று கீழே வந்து விழுந்தது. அவளுக்கு வந்தது பாருங்கள் ஆத்திரம். 'எனக்கு ஒரு வாய் தண்ணி குடுக்க மனசு வரலை, ஃபோன்ல மட்டும் தெருவுக்கே கேக்கற மாதிரி கத்தத் தெரியுது.' முதல் ஹலோவிலேயே மிஷினை மிதித்தாள். பழைய மோட்டார், போட்டால் வீடே அதிரும். பத்து நிமிஷம் காலை எடுக்காமல் தைத்தாள். மறுநாளும் நான்கு மணிக்கு ஹலோ வந்தது, மறுநாளும் மிதித்தாள்.

அந்த ஃபோன் யாரிடமிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். தினமும் நான்கு மணிக்கு மகள் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டு, ஃபோனை அம்மாவின் தலையணையில் வைத்துவிட்டு, அவர்கள் பேசிக்கொள்ளட்டும் என்று வெளியே போய் நின்றுகொள்வாள். சார் கையில் ஃபோனை வைத்துக்கொண்டே காத்திருப்பார், அதிர்ந்ததும் எடுப்பார். "மிஷின் இன்னும் வரலை. நீ சொல்றது எனக்குக் கேக்கலை. பரவால்ல, நீ பேசு, நான் கேட்டுட்டே இருக்கேன்" என்று கத்துவார். ஸ்பீக்கரில் போட்டுக் காதோடு அழுத்திக்கொண்டால் ஒரு சொல்லாவது விழாதா என்று பார்ப்பார். விழவில்லை. இவர் சொல்வதும் அவள் சொல்வதும் ஜன்னல் வழியாகக் கீழே வந்தன. கீழே மிஷின் ஓடியது.

வெள்ளிக்கிழமை கணவர் நூல் பலகையைப் பார்த்துவிட்டு, "இது சார் பெட்டியாச்சே. நான் போய்க் குடுத்துட்டு வந்துடறேன்" என்று எடுத்தார்.

"வையுங்க அதை" என்றாள்.

"பாவம்மா, தனியா இருக்கற மனுஷன்."

"நீங்க மட்டும் அந்தப் படியில கால் வெச்சீங்கன்னா அப்புறம் நான் மனுஷியா இருக்க மாட்டேன். அவருக்குக் கால் இருக்குல்ல, இறங்கி வரட்டும்."

"அந்தக் கால்லதான் ஆபரேஷன் பண்ணியிருக்கு" என்று முணுமுணுத்துவிட்டு அவர் பெட்டியைத் திரும்ப வைத்தார். பெண்டாட்டியின் பிடிவாதத்தோடு மோத அவருக்கும் தெம்பு இல்லை.

சார் இறங்கியும் வந்தார். பார்சல் 'பக்கத்து வீட்டில்' இருப்பதாக ஃபோனில் தகவல் வந்திருந்தது. எதிர்வீட்டில் கேட்டார், மேல்வீட்டில் கேட்டார், இல்லையென்று கையை விரித்தார்கள். கம்பெனிக்குக் கூப்பிட்டுக் கேட்கலாம் என்றால், பதிலைக் காதில் வாங்க வேண்டுமே. திங்கட்கிழமை பதினோரு மணிக்குக் கைப்பிடியைப் பிடித்து, ஒரு படிக்கு இரண்டு காலும் வைத்து, பதினாறு படியும் இறங்கி வந்து தையலக்கா வாசலில் நின்றார். அவள் அப்போது காலர் பிடித்துக்கொண்டிருந்தாள். காலர் மூலை திரும்பும்போது கண்ணை எடுத்தால் தையல் கோணிவிடும், தைக்கிறவர்களுக்குத் தெரியும். வாசலில் வந்து நின்ற செருப்பிலிருந்தே அவர்தான் என்று தெரிந்துகொண்டாள்.

"எனக்கு ஏதாவது பார்சல் வந்திருக்காம்மா?" என்றார்.

"இருக்கு. உள்ள வந்து எடுத்துக்கோங்க" என்று அவள் துணியைப் பார்த்துச் சொன்னாள்.

சார் அவள் உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டு சற்று நேரம் நின்றார். அவள் நிமிர்ந்திருந்தால் உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொண்டிருப்பார். அவருக்கு அது ஓரளவு வரும். அவள் நிமிரவில்லை. வேலையாக இருக்கிறாள், பார்சல் இருந்தால் எழுந்து எடுத்துக் கொடுத்திருப்பாளே, இல்லை போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டு, "சரிம்மா" என்று சொல்லித் திரும்பிவிட்டார். 'பாரேன் திமிரை. கையில கொண்டுவந்து குடுக்கணுமாம்' என்று அவள் அடுத்த காலரை எடுத்தாள். கை எட்டும் தூரத்தில்தான் பெட்டி இருந்தது.

இருபதாம் தேதி வெள்ளிக்கிழமை, காலை பத்தரைக்கு அவள் ஃபோன் அடித்தது. தெரியாத ஊர் எண்.

"அக்கா, நான் முதல் மாடி சாரோட பொண்ணு பேசறேன். முன்னாடி கோட்டு லூசா இருக்குன்னு பிடிச்சுத் தைக்கக் குடுத்தப்போ உங்க நம்பர் வாங்கி வெச்சிருந்தேன். அப்பாவுக்கு ஆறு தடவை அடிச்சுட்டேன்க்கா. எடுக்கறாரு, 'சொல்லும்மா, சாப்பிட்டியா, அம்மா தூங்கறாளா'ன்னு அவர் பாட்டுக்குப் பேசிட்டு வெச்சுடறாரு. நான் சொல்றதைக் காதுலயே வாங்க மாட்டேங்கறாரு. பத்து நாளா இப்படித்தான். எனக்கு என்ன பண்றதுன்னே தெரியலை."

"என்னம்மா ஆச்சு?"

"அம்மா போயிட்டாங்கக்கா. காலைல எட்டு மணிக்கு. நீங்க கொஞ்சம் மேல போய் அப்பாகிட்டச் சொல்லிடறீங்களா? அவரைக் கூட்டிட்டு வர என் வீட்டுக்காரர் அப்பவே கிளம்பிட்டாரு."

தையலக்கா எப்படி எழுந்தாள், எப்படிப் படி ஏறினாள் என்பது அவளுக்கு நினைவில்லை. கழுத்தில் அளவு நாடா தொங்கியது. வீராப்பெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. தங்கச்சி என்று கூப்பிட இனி ஆள் இல்லை என்ற ஒன்றுதான் மனசில் ஓடிக்கொண்டிருந்தது. மணியை அடித்தாள். நாலைந்து முறை அடித்த பிறகு கதவு திறந்தது. திறந்தவருக்குப் பின்னால், சுவரில் ஒரு சிவப்பு பல்பு மின்னிக்கொண்டிருந்தது. அவள் விரல் இன்னும் மணிமேல்தான் இருந்தது. விரலை எடுத்ததும் பல்பு அணைந்தது.

"சார்..." என்று ஆரம்பித்தாள்.

"கொஞ்சம் இருங்கம்மா. வெளிச்சத்துக்கு வந்து, என்னைப் பார்த்து மெதுவாச் சொல்லுங்க" என்றார் சார். கூச்சத்தோடு சிரித்தார். "காது மிஷின் ரிப்பேருக்குப் போயிருக்கு. அது இல்லாம எனக்கு ஒண்ணும் கேக்காது. யார்கிட்டயும் சொல்லிக்கறதில்ல. அவளுக்கு மட்டும்தான் தெரியும்."

மணியடித்தால் அவருக்காக எரியும் அந்த பல்பைத் தையலக்கா திரும்பவும் பார்த்தாள். தண்ணீர் கேட்டது, திங்கட்கிழமை தலை நிமிராமல் பதில் சொன்னது, நூல் பலகையில் இருக்கும் உள்ளங்கை அகலப் பெட்டி, எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. அடிப்பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஆனால் அதற்கெல்லாம் இப்போது நேரம் இல்லை. சொல்ல வந்ததைச் சொல்ல வேண்டும்.

"சாரம்மா போயிட்டாங்க சார்" என்று வாயைத் திறந்து மெதுவாகச் சொன்னாள்.

அவர் உதட்டையே பார்த்தார். "போயிட்டாளா? எங்க? ஸ்கேன் எடுக்கவா?"

அவளால் இன்னொரு முறை சொல்ல முடியவில்லை. தைக்கும்போது போடும் மேலங்கியின் பையில் கைவிட்டாள். சீட்டுக் கட்டு இருந்தது, பென்சில் இருந்தது. ஒரு சீட்டைக் கிழித்துப் பின்பக்கம் எழுதினாள். 'சாரம்மா இன்று காலை எட்டு மணிக்குக் காலமானார்.' கோணல்மாணலாக வந்தது எழுத்து. அந்தக் கட்டடத்தில் எல்லா வீட்டுக்கும் சீட்டு எழுதியவள், சார் வீட்டுக்கு எழுதிய முதல் சீட்டு அதுதான்.

சார் வாங்கிப் படித்தார். ஒரு கணக்கை வாத்தியார் சரிபார்ப்பது போல இரண்டு முறை படித்தார். பிறகு, அதில் வேறு ஏதாவது எழுதியிருக்காதா என்பது போலச் சீட்டைத் திருப்பினார். மறுபக்கம் அச்சில் இருந்தது: 'உங்கள் பார்சல் கீழே தையல் வீட்டில் இருக்கிறது. வந்து எடுத்துக்கொள்ளவும்.'

"பார்சல் வந்திருக்கா?" என்றார்.

அவள் தலையை ஆட்டினாள். பதினாறு படி இறங்கி, பதினாறு படி ஏறி, பெட்டியைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தாள். அவளே ஒட்டுத்தாளைப் பிரித்துக் கொடுத்தாள். இரண்டு காதிலும் பொருத்திக்கொண்டார். பத்து நாளுக்கும் மேலாக ஒன்றும் விழாத அந்தக் காதில் முதலில் விழுந்தது அவள் அழுகைதான். "அழாதீங்கம்மா" என்றார். பிறகு மகளுக்கு அடித்தார், மகள் சொன்னதை எல்லாம் கேட்டார். 'சரிம்மா, சரிம்மா' என்பதைத் தவிர வேறு ஒன்றும் சொல்லவில்லை.

ஃபோனை வைத்த பிறகுதான் பெட்டியில் ஒட்டியிருந்த காகிதம் அவர் கண்ணில் பட்டது. "பதினொண்ணாந் தேதி, ரெண்டு மணி" என்று படித்தார். "அப்போ அன்னிக்கு நாலு மணிக்கே எனக்குக் கேட்டிருக்கும். அன்னிலருந்து நேத்து வரைக்கும் ஒம்பது தடவை பேசினா." காகிதத்திலிருந்து நிமிர்ந்து, "நான் வந்து கேட்டேனேம்மா" என்றார்.

"கேட்டீங்க சார். இருக்கு, உள்ள வந்து எடுத்துக்கோங்கன்னு சொன்னேன். நிமிர்ந்து சொல்லலை. உங்க மேல கோபம் சார் எனக்கு. தண்ணி கேட்டுக் குடுக்காமக் கதவைச் சாத்திட்டீங்கன்னு கோபம். சீட்டுக்கூட வேணும்னுதான் போடலை."

அவர் திட்டியிருந்தால் தேவலாம் என்று அவளுக்கு இருந்தது. அவர் திட்டவில்லை. எப்போது தண்ணீர் கேட்டாள் என்று யோசிப்பது போல அவளைப் பார்த்தார். பிறகு மெல்ல எழுந்து, உள்ளே போய், ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார். அவளால் அதைத் தொட முடியவில்லை.

"ஒண்ணு கேக்கணும்" என்றார். "நாலு மணிக்கு ஸ்பீக்கர்லதான் போட்டிருந்தேன். அந்த ஜன்னல்கிட்ட. உங்க ஜன்னல் கீழதானே இருக்கு. பொண்ணு வெளிய போய் நின்னுக்குவா, அவளுக்குத் தெரியாது. உங்களுக்குக் கேட்டிருக்குமே. என்ன சொன்னா?"

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். உடம்பைப் பார்த்துக்கோங்க, வேளைக்குச் சாப்பிடுங்க என்று எந்த மனைவியும் சொல்வதைச் சொல்லியிருக்கலாம், அவரும் நம்பியிருப்பார். வாய்வரை வந்தது. ஆனால் அந்த டம்ளர் முன்னால் இருந்தது.

"கேக்கலை சார். நீங்க ஹலோ சொன்னதுமே நான் மிஷினைப் போட்டுடுவேன். கேக்கக் கூடாதுன்னுதான் போட்டேன். ஒம்பது நாளும்."

சார் ஜன்னல் பக்கம் திரும்பினார். "மிஷின் ஓடறது எனக்குத் தெரியும்" என்றார். "தரையில கால் வெச்சிருந்தா அதிரும். காது கேக்காதவனுக்கு அது ஒரு துணை. கீழ ஆள் இருக்குன்னு நெனச்சுட்டே அவகிட்டப் பேசுவேன்."

மறுநாள் மாலை மருமகன் வந்து சேர்ந்தார். பின் இருக்கையில் தலையணைகளை அடுக்கி, காலை நீட்டிப் படுத்த வாக்கில் சாரை அழைத்துப் போனார். அடக்கம் அவருக்காகக் காத்திருந்தது. தையலக்காவின் கணவர்தான் அவரைத் தாங்கிப் பிடித்துப் பதினாறு படியும் இறக்கினார். அதற்குப் பிறகு சார் அந்த வீட்டுக்குத் திரும்பவில்லை, மகளோடேயே இருந்துவிட்டார்.

ஒரு மாதம் கழித்து வீட்டைக் காலி செய்ய மகள் வந்தாள். சாமான்களை வண்டியில் ஏற்றிவிட்டு, சாவியோடு தையலக்கா வாசலில் வந்து நின்றாள். தையலக்கா தைத்துக்கொண்டிருந்தாள், ஆள் நிழல் பட்டதும் காலை எடுத்து, தலை நிமிர்ந்து பார்த்தாள். இப்போதெல்லாம் யார் வந்தாலும் அப்படித்தான். தையல் கோணினால் பிரித்துத் தைத்துக்கொள்கிறாள்.

"கிளம்பறேன்க்கா. அதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்" என்றாள் மகள். முகத்தில் அம்மாவின் சாயல் அப்படியே இருந்தது. "கடைசி ஒரு வாரம் அம்மா ஒரே விஷயத்தைச் சொல்லிட்டே இருந்தாங்க. நான் ரூமுக்குள்ள திரும்பிப் போறப்பல்லாம் அப்பாகிட்ட ஃபோன்ல அதையேதான் சொல்லிட்டிருப்பாங்க. 'தங்கச்சிகிட்டதான் இருக்கும், போய்க் கேளுங்க. அவகிட்டப் போனது எதுவும் தொலையாது'ன்னு. எங்கம்மாவுக்குத் தங்கச்சியே கிடையாது. நெனவு தப்பிப் பேசறாங்கன்னு விட்டுட்டேன். நேத்து அப்பாகிட்டச் சொன்னேன். அவர், கீழ தையல் வீட்டுல கேளுன்னு மட்டும் சொன்னாரு."

தையலக்காவின் கை துணியிலேயே இருந்தது.

"உங்களைத்தான் தங்கச்சின்னு சொன்னாங்களாக்கா? ஏதாவது தைக்கக் குடுத்திருந்தாங்களா? இருந்தா எடுத்துட்டுப் போயிடறேன்."

"குடுத்துட்டேன்மா" என்றாள் தையலக்கா. "ஒம்பது நாள் கழிச்சுக் குடுத்தேன்."

மகளுக்குப் புரியவில்லை. தையலக்கா எழுந்து போய், நாற்காலியிலிருந்த யாருடையதோ ஒரு பெட்டியைத் தூக்கித் தரையில் வைத்தாள்.

"உக்காரும்மா, சொல்றேன்" என்றாள்.